குமாரலிங்கபுரமும் நெய்யாத் துணியும்

விருதுநகர் ஜில்லாவிலுள்ள இ.குமாரலிங்கபுரம் என்னும் சிற்றூரின் பெயரை 2023-ஆம் வருஷத்துக்கு முன்பு ஜில்லாவுக்கு வெளியே அறிந்திருந்தவர் மிகச் சிலரே. அவ்வருஷம் மார்ச் மாதத்தில் மத்திய சர்க்கார் தேசத்தில் ஏழு இடங்களில் மாபெரும் ஜவுளிப் பூங்காக்களை அமைக்கத் தீர்மானித்தபோது, தமிழ்நாட்டின் பங்கு இவ்வூருக்கு வாய்த்தது. வாரங்கல், நவ்சாரி, கலபுரகி, லக்னோ முதலிய இடங்களோடு ஒரே வரிசையில் நமது கரிசல் காட்டுக் கிராமமும் இடம்பெற்றது. இதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் 1,052 ஏக்கர். 2025-இல் இப்பூங்காவுக்கு 1,894 கோடி ரூபாய் திட்டச் செலவுக்கு அனுமதியும் கிடைத்தது.

வரவேற்க வேண்டிய காரியமே. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிச் சீமையை அறிந்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய் பெருகாத வருஷத்தில் குடும்பத்துக்கு ஒருவராவது திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ பஸ் ஏறுவது அங்கே வழக்கமாகிவிட்டது. பிழைப்பைத் தேடி ஜனங்கள் போவதற்குப் பதிலாக, ஜனங்களைத் தேடிப் பிழைப்பு வருமாயின் யார்தாம் வேண்டாம் என்பர்?

ஆயினும் பூங்கா என்பது வேலியும் சாலையும் போட்ட நிலமே. அதனுள் எதை உண்டாக்கப் போகிறோம் என்ற கேள்வியை நமது ஜில்லாவாசிகள் இதுவரை போதிய கவனத்துடன் கேட்டதாகத் தெரியவில்லை. ஜவுளி என்றால் பருத்தி, நூல், தறி, தையல் என்ற நான்கு சொற்களோடு நமது நினைவு நின்றுவிடுகிறது. உலகமோ வேறு வழியில் வெகுதூரம் சென்றுவிட்டது. 2023-இல் உலகம் உண்டாக்கிய நார்ப்பொருள் சுமார் 12 கோடியே 40 லட்சம் டன். அதில் பாலியெஸ்டர் மட்டும் நூற்றுக்கு 57 பங்கு. பருத்தி நூற்றுக்கு 20 பங்கு. நாம் பழகிய தொழில் உலக வியாபாரத்தின் ஐந்தில் ஒரு பங்கைப் பற்றியது என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

செயற்கை இழை உண்டாகும் விதம் விளங்காத வித்தை அன்று. வீட்டில் இடியாப்பம் பிழிவதைப் பார்த்தவர் எல்லோரும் அதன் தத்துவத்தை அறிந்தவரே. நாழியில் மாவை இட்டு மேலிருந்து அழுத்தினால், அடித்தட்டின் கண்கள் வழியே மாவு இழையிழையாக இறங்குகிறது. ஆலையில் மாவுக்குப் பதில் பாலியெஸ்டர் சில்லுகள்; அரிசி மணி போன்று சிறியவை. முதலில் இவற்றை நன்றாக உலர்த்த வேண்டும். பத்து லட்சம் பங்கில் ஐம்பது பங்குக்கு மேல் ஈரம் தங்கினாலும், உருகும்போது அந்த ஈரமே மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து இழையைக் கெடுத்துவிடும். உலர்ந்த சில்லுகளைத் திருகு கொண்ட சூடான குழாய் உள்ளிழுத்து உருக்குகிறது. பாலியெஸ்டர் 260 டிகிரியை ஒட்டி உருகும். பிழியும் இடத்தில் 280 முதல் 290 டிகிரி வரை வைத்திருப்பர். உருகிய திரவம் வடிகட்டி வழியே சென்று, பற்சக்கரப் பம்பினால் இம்மியும் பிசகாமல் அளக்கப்பட்டு, உருக்குத் தட்டில் துளைத்த நுண்ணிய கண்கள் வழியே வெளிவருகிறது. கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் கால் பாகம் என்றால், அந்தத் தட்டைக் கடைபவனுடைய கைத்திறம் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வெளிவந்த இழைமேல் குளிர்ந்த காற்று வீசுகிறது. இழை இறுகுகிறது. நிமிஷத்துக்கு 3,000 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது உருளையில் சுற்றப்படுகிறது. பின்னர் இழுத்து நீட்டும்போது தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுகள் நீளவாக்கில் ஒழுங்குபட்டு இழைக்கு உறுதி உண்டாகிறது. பட்டுத் தறிக்காரருக்குப் பழக்கமான டெனியர் கணக்கே இங்கும் உண்டு. 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். நீண்ட இழையாகவே விற்காமல், சுருள் கொடுத்து 38 மில்லிமீட்டர் அளவில் வெட்டினால் அதுவே செயற்கைப் பஞ்சு. பருத்திப் பஞ்சின் நீளத்தைப் பார்த்து வைத்த அளவு இது. ஆகவே அருப்புக்கோட்டையிலும் இராஜபாளையத்திலும் உள்ள நமது நூற்பாலைகள் இருக்கிற கதிர்களைக் கொண்டே இதை நூற்கக் கூடும்.

பாலியெஸ்டர் இழையைக் கண்டவர்கள் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்னும் இரு ஆங்கிலேயர், வருஷம் 1941. அவர்கள் வேலை பார்த்த இடம் மான்செஸ்டர் காலிகோ பிரிண்டர்ஸ் சங்கத்தின் ஆய்வுக்கூடம். நமது நெசவாளரின் வயிற்றில் அடித்த அதே மான்செஸ்டர், தன் பருத்தித் தொழில் சாயத் தொடங்கிய காலத்தில் பருத்திக்கு மாற்றைத் தானே கண்டுபிடித்தது என்பதைச் சரித்திரத்தின் விளையாட்டுக்களில் ஒன்றாகக் கொள்ளலாம்.

தமிழர் இத்துறைக்குப் புதியவர் அல்லர். இந்தியாவின் முதல் ரேயான் ஆலையைத் திருவிதாங்கூர்ச் சீமையில் பெரும்பாவூருக்கு அருகே 1946-இல் ஸ்தாபித்தவர் செட்டிநாட்டு எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கியைத் தொடங்கியவரும் அவரே. பின்னர்ப் பவானிக் கரையில் சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை எழுந்தது. 1970-களில் சென்னைக்கு அருகே மணலியில் டயருக்கு வேண்டிய நைலான் கயிற்றுத்துணித் தொழிற்சாலை தொடங்கியது. ஆகவே நமக்கு முன்னோடிகள் உண்டு. அவர்களிடமிருந்து கற்க வேண்டிய பாடமும் உண்டு. அதைப் பின்னர் சொல்லுவோம்.

இது நிற்க. நாம் முக்கியமாக வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது இழையைவிட இழையின் மறுபிறப்பாகிய நெய்யாத் துணியையே. இடியாப்ப உவமையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். பிழிந்த இழையைச் சுற்றி வைக்காமல் தட்டின்மேல் குறுக்கும் நெடுக்குமாக விழவிட்டால் அது ஒரு படலமாகிறது. ஆலையில் தட்டுக்குப் பதிலாக ஓடும் வலைப்பட்டை. பாலிப்ரொப்பிலீன் இழைகள் காற்றால் இழுக்கப்பட்டு அதன்மேல் விழுகின்றன. புள்ளி புள்ளியாக எழுந்த சூடான உருளை ஒன்று அழுத்த, அப்புள்ளிகளில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நூற்பும் இல்லை, பாவும் ஊடையும் இல்லை, தறியும் இல்லை. ஒரு முனையில் சில்லு போகிறது. மறுமுனையில் துணிச் சுருள் வருகிறது. இதை ஸ்பன்பாண்டு என்பர்.

அதே திரவத்தை இன்னும் இளக்கமாக உருக்கி, கண்ணை விட்டு வெளியேறும் இடத்திலேயே சுடுகாற்றால் ஊதிச் சிதறடித்தால் ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரையுள்ள மிக மெல்லிய இழை கிடைக்கும். மனிதத் தலைமயிர் இதைப்போல் பத்து மடங்கு பருமன் என்றாலும் குறைத்துச் சொன்னதாகும். மெல்ட்ப்ளோன் என்னும் இந்த முறையை 1950-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வெண்டே என்பவர் உருவாக்கினார். ஆகாயத்தில் மிதக்கும் அணுகுண்டுத் துகள்களை வடித்துப் பிடிப்பதற்காக. யுத்தத்தின் பொருட்டுப் பிறந்த வஸ்து, 2020-இல் உலகத்தாரின் மூக்கையும் வாயையும் காத்தது. வெளியே இரண்டு பக்கம் ஸ்பன்பாண்டு, நடுவே மின்னூட்டம் பெற்ற மெல்ட்ப்ளோன். முகக்கவசம் என்பது இவ்வளவே. அந்த நடுப்படலத்துக்கு எத்தனை பஞ்சம் ஏற்பட்டது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வருஷத் தொடக்கத்தில் தொற்றுத்தடுப்பு முழுஉடையைச் செய்யத் தெரியாதிருந்த தேசம், மே மாதத்தில் நாளொன்றுக்கு இரண்டு லட்சம் உடை செய்தது. கோயமுத்தூர் சிட்ரா ஆய்வுக்கூடத்தில் அவ்வுடைகளின் மாதிரிகள் சோதிக்கப்பட்டுத் தரச்சான்று பெற்றன. அவசியம் வந்தால் நம்மால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அவசியம் தீர்ந்ததும் மறந்துவிடுவோம் என்பதற்கும் அதுவே சாட்சியாகிவிடக் கூடாது.

நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு இத்துணியைப் பற்றி ஒரு வேடிக்கை புலப்படுகிறது. சுங்கவரி அட்டவணையில் இது 56-ஆம் அத்தியாயத்தில், ஜவுளிகளின் வரிசையில் நிற்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமுலுக்குக் கொண்டுவந்த தடையிலோ, நெய்யாத் துணிப் பைகள் பிளாஸ்டிக் பைகளின் வரிசையில் நிற்கின்றன. ஜவுளிக்கடையில் துணிப்பை என்று பெருமையுடன் வாங்கிவந்த பை ஒரே இரவில் தடைசெய்யப்பட்ட வஸ்துவாகிவிட்டதைக் கண்டு ஜனங்கள் திகைத்தனர். நமது அபிப்பிராயத்தில் சர்க்கார் ஆணையே உண்மைக்கு அருகில் நிற்கிறது. பாலிப்ரொப்பிலீன் எந்த உருவம் எடுத்தாலும் மக்காது. ஆட்டுக்குட்டி தின்றால் குடலை அடைக்கும். கையில் தொட்டால் துணி போல் இருக்கிறது என்பது ஒரு வாதமாகாது.

எனினும் நெய்யாத் துணி முழுவதும் பெட்ரோலியத்தின் குழந்தை என்று எண்ணுவது பிழை. நாரை ஊசிகளால் குத்திப் பின்னும் முறை ஒன்று உண்டு. சணல், தென்னை நார் இரண்டும் அதற்கு ஏற்றவை. மெல்லிய நீர்த்தாரைகளை மிகுந்த அழுத்தத்தில் பாய்ச்சி நார்களை ஒன்றோடொன்று சிக்கவைக்கும் ஸ்பன்லேஸ் முறை மற்றொன்று. இம்முறையில் பருத்தியை அப்படியே துணியாக்கலாம். சீப்பிடும் யந்திரத்தில் கழியும் குட்டைப் பஞ்சை நமது ஆலைகள் மலிவாக விற்றுவிடுகின்றன. அதை வெளுத்து நீர்த்தாரையில் பிணைத்தால், ஆஸ்பத்திரிக்கும் குழந்தை வளர்ப்புக்கும் உதவும் மெல்லிய துணி கிடைக்கும். மண்ணில் மக்கவும் செய்யும்.

இங்கேதான் நமது ஜில்லாவின் தலையெழுத்து சம்பந்தப்பட்டிருக்கிறது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கத்தில் விசைத்தறிகள் இரவும் பகலும் நெய்வது பேண்டேஜ் துணி. நாட்டின் ஆஸ்பத்திரிகளில் காயத்தைச் சுற்றும் சல்லாத் துணியில் கணிசமான பங்கு அங்கிருந்து போவது. அயல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலோ நெய்த சல்லாவின் இடத்தை ஸ்பன்லேஸ் துணி சிறிது சிறிதாகப் பிடித்து வருகிறது. அது நூற்பும் நெசவும் இல்லாமல் உண்டாவதால் கூலிச் செலவு குறைவு, வெட்டிய விளிம்பில் நூல் பிரிந்து காயத்தில் ஒட்டுவதில்லை. இந்த மாறுதல் நாளை இந்திய ஆஸ்பத்திரிகளுக்கும் வரும். அப்போது ஒரு பெரிய யந்திர வரிசை ஒரு நாளில் உண்டாக்குவதற்கு எத்தனை தறிகள் நிற்க நேரிடும்? சத்திரப்பட்டித் தறிக்காரர் அந்த யந்திரத்தின் கூட்டாளியாக இருப்பாரா, அதனால் வீழ்த்தப்பட்டவராக இருப்பாரா? குமாரலிங்கபுரத்தில் எவருக்கு எந்த நிலம் ஒதுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும்.

மற்றொரு பெரிய விஷயம் தண்ணீர். சிறுமுகை ஆலையைப் பற்றிச் சொல்லுவதாகச் சொன்னோம். விஸ்கோஸ் என்பது மரக்கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைஸல்ஃபைடிலும் கரைத்து, கந்தகத் திராவகத் தொட்டியில் பிழிந்து எடுப்பது. தண்ணீரும் நஞ்சும் மிகுதியாகச் செலவாகும் வேலை. பவானி ஆறு கெட்டுப்போவதாகக் கீழ்ப்பகுதி ஜனங்கள் கிளர்ந்தெழுந்தனர், வழக்குகள் நடந்தன, கடைசியில் ஆலை மூடியது, தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலைக் கொன்றதன் பயனாக 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னது யாவரும் அறிந்ததே. ஜீவநதியின் கரையிலேயே இக்கதி என்றால், கண்மாய்த் தண்ணீரை நம்பியுள்ள சீமையில் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இதற்கு உருக்குமுறையிலேயே ஒரு பரிகாரம் இருக்கிறது. சில்லு உருகும்போதே சாயப்பொடியைக் கலந்துவிட்டால் இழை பிறக்கும்போதே நிறத்தோடு பிறக்கிறது. தனியாகச் சாயத்தொட்டி வேண்டுவதில்லை. சாயமும் வெளுப்பதில்லை. இதே முறையில் பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி நிறப்பஞ்சாக்கும் தொழில் கரூரில் நடந்துவருகிறது. ஆகவே நமது வறண்ட பூமிக்கு உருக்கிப் பிழியும் ஆலை பொருந்தும். விஸ்கோஸ் ஆலையும் பெரிய சாயப்பட்டறையும் பொருந்தா. ஸ்பன்லேஸ் யந்திரத்துக்கு நீர் வேண்டுமே என்பர். வேண்டும், ஆனால் பாய்ந்த நீரையே வடிகட்டி மீண்டும் மீண்டும் பாய்ச்சுவது அம்முறையின் இயல்பு. அவ்வாறு வடிகட்டாத ஆலைக்கு இடமில்லை என்று ஒதுக்கீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் கோர்ட்டுக்குப் போய்ப் பெறும் உத்தரவு, கெட்டுப்போன ஆற்றைத் திருப்பித் தருவதில்லை.

மின்சாரச் செலவு பெரிது, செயற்கை உடையைத் துவைக்குந்தோறும் நுண்ணிழைகள் உதிர்ந்து கடலில் சேருகின்றன என்னும் ஆட்சேபங்களையும் நாம் மறைக்க விரும்பவில்லை. பாலியெஸ்டரின் மூலப்பொருள்கள் ஹஜீரா, தாஹேஜ் முதலிய மேற்குக் கரைத் துறைகளில் மிகச் சில பெரிய முதலாளிகளின் கையில் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் செயற்கைப் பஞ்சின்மேல் இருந்த வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், நூலின்மேல் 12-லிருந்து 5 ஆகவும் குறைந்ததால் சிறிய ஆலைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. யந்திரங்களோ ஜெர்மனியிலிருந்தும் சீனத்திலிருந்தும் வரவேண்டியவை. நூற்பு யந்திரத்துக்கும் ஒரு காலத்தில் இதே நிலைமைதான். 1962-இல் கோயமுத்தூரில் லட்சுமி மிஷின் வொர்க்ஸ் சுவிட்ஸர்லாந்து நிபுணர்களின் கூட்டுறவோடு தொடங்கி, அந்த யந்திரத்தை இங்கேயே செய்துகாட்டியது. பிழியும் தட்டையும் நீர்த்தாரைப் பட்டையையும் கடைய நமது கம்மியர்க்குக் கை வராது என்று நாம் நம்பத் தயாராக இல்லை.

ஆகவே சிப்காட் அதிகாரிகள் செய்ய வேண்டியது ஒன்று. பெரிய கம்பெனிகளுக்கென்று ஐம்பதும் நூறும் ஏக்கராக நிலத்தை வெட்டி முடிப்பதற்கு முன்பு, பத்திருபது விசைத்தறிக்காரர் சேர்ந்து ஒரு ஸ்பன்லேஸ் வரிசையை நிறுவத்தக்க மனைகளையும், அவர்கள் பங்குப்பணத்துக்குக் கடன் வசதியையும் ஒதுக்கி வைக்க வேண்டும். 1,480 கோடி ரூபாயுடன் 2020-இல் தொடங்கிய தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தின் நோக்கத்துக்கு இது முற்றும் உட்பட்டதே. சத்திரப்பட்டிச் சகோதரர்களும் அழைப்பு வரட்டும் என்று காத்திராமல், சங்கமாகக் கூடித் தீர்மானம் செய்து, சிட்ரா நிபுணர்களைக் கொண்டு ஒரு மதிப்பீடு தயாரித்து, மனுவை இப்பொழுதே அனுப்புவார்களாக.