கொடைமடம்: புகழ்ச்சொல்லா, பழிச்சொல்லா?



'கொடைமடம்' என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பில் ரெண்டு பதில் வரும். "அது எந்த ஊர் மடம், டீச்சர்?" என்பது ஒன்று. "முட்டாள்தனமா கொடுக்கிறது" என்பது இன்னொன்று. இரண்டாவது பதில் பாதி தூரம் வந்துவிட்டது. மீதியைப் பார்ப்போம்.

சொற்பொருள்

கொடை + மடம் = கொடைமடம். மடம் என்றால் இங்கே அறியாமை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று படித்தோமே, அதே மடம்தான். ஆக, கொடுக்கும்போது 'இது இவருக்குப் பயன்படுமா, தகுதி உண்டா' என்று கணக்குப் பார்க்காமல் வழங்குவதே கொடைமடம்.

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தான். மயில் போர்த்திக்கொள்ளுமா? கொடிக்கு ஒரு குச்சி நட்டால் போதாதா? நியாயமான கேள்விதான். ஆனால், கொடுத்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை பாருங்கள், அதுதான் மடம்.

ஏன் இது புகழ்?

புறநானூற்றின் 142ஆம் பாடலில் பரணர் பேகனை மழைக்கு ஒப்பிடுகிறார். மழை வறண்ட குளத்திலும் வயலிலும் பெய்யும். ஒன்றும் விளையாத உவர்நிலத்திலும் பெய்யும். அதே பாடலில் 'படைமடம்' என்ற சொல்லும் வருகிறது. போர்நெறி பாராமல் தகாதவர்மீது படை செலுத்துவது படைமடம். பேகனிடம் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை என்கிறார் பரணர். கொடுப்பதில் கணக்குப் பார்க்காதது பெருமை. கொல்வதில் கணக்குப் பார்க்காதது இழிவு. இரண்டு சொல்லையும் சேர்த்தே கற்பியுங்கள், பொருள் மறக்காது.

பயன்பாடு

சரி: முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கொடைமடம் இன்றும் போற்றப்படுகிறது.

தவறு: வெள்ள நிவாரணத்திற்கு நிதி வழங்கியவரின் கொடைமடத்தைப் பாராட்டினர். (தேவை அறிந்து கொடுத்ததால் 'ஈகை' அல்லது 'கொடையுள்ளம்' என்று எழுதுக.)

தவறு: சம்பளத்தை ஒரே வாரத்தில் தீர்த்துவிடுவது அவன் கொடைமடம். (இது ஊதாரித்தனம். கொடையே இல்லையே!)

மாணவர்களே, பொருள் எழுதும்போது 'அறியாமல் கொடுத்தல்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். 'பயன், தகுதி பாராது வழங்கும் வள்ளன்மை' என்று எழுதினால்தான் அது புகழ்ச்சொல் என்பது விளங்கும்.

சிந்திக்க: ஓய்வு நேரத்தில் வாங்கிய நாசி லெமாக் முழுவதையும் பூனைக்கு வைத்துவிட்டுப் பசியோடு வகுப்புக்குப் போகிறான் ஒரு மாணவன். இது ஈகையா, கொடைமடமா? காரணத்தோடு எழுதுக.