தொண்ணூறாவது விநாடிக்குப் பிறகு

ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓர் அனிமே தொடங்கும்போது ஓடுகிற முகப்புப் பாட்டுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். சரியாகச் சொன்னால் 89 அல்லது 90 விநாடி. அதற்குள் ஏ-மெலோ, பி-மெலோ, சபி என மூன்று படியும் ஏறியாக வேண்டும். ஏ-மெலோவில் பேச்சு தொடங்கும், பி-மெலோ இழுத்துப் பிடிக்கும், சபியில் பாட்டு உடைத்துக்கொண்டு வெளியே வரும். பல்லவியை முதலிலேயே கையில் கொடுத்துவிடும் நம் சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு இந்தக் காத்திருப்பு முதலில் கொஞ்சம் உறுத்தும். பழகிவிட்டால் அதுதான் போதை.

அண்மை ஆண்டுகளில் ஜப்பானியத் தரவரிசையின் உச்சியைப் பிடித்த பாடல்களில் பல இந்த ஒன்றரை நிமிடத்துக்கு அளவெடுத்துச் செய்தவை. அனிமே நிறுவனங்களுக்கு விளம்பரம் எழுதிக்கொடுப்பதாக இசையமைப்பாளர்களைக் குறை சொல்வோர் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. இடம் குறுகியதால் பாட்டு இறுகியிருக்கிறது, அது நல்லதுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: தொண்ணூறாவது விநாடிக்குப் பிறகு அந்தப் பாட்டிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

யோஅசோபியின் 'ஐடல்' இந்தக் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. 'ஓஷி நோ கோ' அனிமேக்காக 2023 ஏப்ரலில் வந்தது. பில்போர்ட் ஜப்பான் ஹாட் 100 பட்டியலில் தொடர்ந்து 21 வாரம் முதலிடம். அமெரிக்காவை விலக்கிய பில்போர்ட் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஜப்பானிய மொழிப் பாட்டும் இதுதான். இசையமைக்கும் அயாசே, பாடும் இகுரா இருவரும் கதைகளைப் பாட்டாக்குகிறவர்கள். இதற்கும் மூலக் கதாசிரியர் அகா அகாசகா தனியாக ஒரு சிறுகதை எழுதினார். பொய்யையே தொழிலாகக் கொண்ட ஒரு நட்சத்திரப் பெண்ணை முதலில் ரசிகர்களின் கண்ணால் பார்க்கிறோம். அடுத்த சுற்றில் அவளோடு ஒரே மேடையில் ஆடுகிறவர்களின் பொறாமை பேசுகிறது. அவள் தன் வாயால் பேசுவது கடைசியில்தான். டிவியில் மட்டும் கேட்டவருக்கு இந்தத் திருப்பங்கள் கிடைப்பதில்லை. ஆனாலும் 'ஐடல்' எனக்கு மரியாதைக்குரிய பாட்டு, அவ்வளவுதான். ராப், கோரஸ், ரசிகர் கூச்சல், சுருதி மாற்றம் என்று நான்கு பாட்டுக்கான சரக்கை அயாசே ஒன்றில் திணித்திருக்கிறார். இகுராவின் குரல் அத்தனை சந்தடியிலும் பதற்றமே இல்லாமல் நடந்து போவதால் பாட்டு பிழைத்தது.

கிரீப்பி நட்ஸின் 'பிளிங்-பேங்-பேங்-பார்ன்' விஷயத்தில் எனக்கு இந்தத் தாராளம் இல்லை. 2024 ஜனவரியில் 'மாஷ்லே' இரண்டாம் பருவத்தோடு வந்து, அந்த ஆண்டின் ஹாட் 100 ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாட்டு. இந்த இருவர் குழுவில் ராப் பாடும் ஆர்-ஷிதெய் நாடு தழுவிய ராப் போட்டியில் மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றவர். மற்றவர் டிஜே மாட்சுநாகா 2019-ல் டிஎம்சி என்னும் டிஜே போட்டியில் உலகப் பட்டம் வாங்கியவர். ஜெர்சி கிளப் தாளத்தில் முதல் ஒன்றரை நிமிடம் நாற்காலியில் உட்காரவிடாது. பிறகும் தாளம் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் சொல்ல வந்தது தீர்ந்துபோகிறது. அதே ஆண்டு அக்டோபரில் 'டான்டாடான்' அனிமேக்கு இவர்கள் செய்த 'ஒதோனோகே' பல மடங்கு மேல். பேய்க் கதை என்றால் ஆர்-ஷிதெய்க்குத் தனி உற்சாகம் வந்துவிடுகிறது.

தரவரிசையே மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஓரிகான் நிறுவனம் 1968-ல் தொடங்கிய பட்டியல் இசைத்தட்டு விற்பனையை எண்ணியது. ஏகேபி48 குழு சிடிக்குள் கைகுலுக்கும் சீட்டையும் வாக்குச் சீட்டையும் வைத்து விற்ற காலத்தில், 2011-ன் ஆண்டுப் பட்டியலில் முதல் ஐந்து இடமும் அவர்களுக்கே போனது. ஒரே ரசிகர் ஒரே சிடியை மூட்டை மூட்டையாக வாங்கினார், பாட்டைக் கேட்டாரா என்பது வேறு விஷயம். 2020-ல் யோஅசோபியின் 'யோரு நி ககேரு' சிடியாக வெளிவராமலே பில்போர்ட் ஜப்பானின் ஆண்டு முதலிடத்தை எடுத்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. ஸ்ட்ரீமிங் காலத்தில் சிக்கல் எதிர்த்திசையில் வந்தது. பிடித்த பாட்டை மக்கள் விடுவதே இல்லை. பட்டியலில் ஓராண்டுக்கு மேல் இருக்கும் பாட்டின் புள்ளிகளைக் குறைக்கும் விதியை 2025-ல் பில்போர்ட் ஜப்பான் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அப்படி நகர மறுக்கும் பாடல்களில் நிறைய மிஸஸ் கிரீன் ஆப்பிளுடையவை. 2020-ல் ஓய்வுக்குப் போன இசைக்குழு, இருவர் விலகிய பிறகு 2022-ல் மூவராகத் திரும்பி வந்தது. பேஸ்பால் அனிமே ஒன்றுக்காக 2024-ல் செய்த 'லைலக்' ஜப்பான் ரெக்கார்ட் விருது வாங்கியது. விரல் ஒடியும் கிட்டார் வாசிப்போடு தொடங்கும் இந்தப் பாட்டு கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் ஓடுகிறது. குழுவின் பாடகர் மோட்டோகி ஓமோரி மேல் ஸ்தாயிக்குத் தாவுவது அவருடைய பல பாடல்களில் வித்தை காட்டுவதாகவே எனக்குப் படும். இங்கே பாட்டின் பின்பாதி அந்தத் தாவலைத் தானே கேட்டு வாங்குகிறது. இளமை முடிந்துபோனதன் ஏக்கத்தை இத்தனை வேகத்தில் பாட முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

சகானாக்‌ஷனின் 'கைஜூ' கதையே தனி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நம்பியவர்களைப் பற்றிய 'சி' அனிமே இந்தப் பாட்டை முகப்பாகக் கொண்டு 2024 அக்டோபரில் தொடங்கியது. முழுப் பாட்டு வெளிவந்ததோ 2025 பிப்ரவரியில். குழுவின் இச்சிரோ யமாகுச்சி தன் மனச்சோர்வு நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர், பாட்டை முடிக்க அவருக்குக் காலம் பிடித்தது. ரசிகர்கள் மாதக்கணக்கில் அந்த ஒன்றரை நிமிடத்தோடுதான் வாழ்ந்தார்கள். வந்து சேர்ந்த மீதி, தொடக்கத்தைவிடத் தணிந்து, அதைவிட ஆழமாக இருந்தது. என் பட்டியலில் முதலிடம் இதற்கே.

பாடகர் கென்ஷி யோனெசுவை எந்த அளவுகோலிலும் நிறுத்துவது கடினம். அவருடைய 'லெமன்' 2018, 2019 இரண்டு ஆண்டும் தொடர்ந்து பில்போர்ட் ஜப்பானின் ஆண்டு முதலிடத்தில் இருந்தது. அது அனிமேக்கு எழுதியதல்ல, பிணக்கூறாய்வு மருத்துவர்களைப் பற்றிய தொலைக்காட்சி நாடகத்துக்கு. 2025 செப்டம்பரில் 'செயின்சா மேன்' திரைப்படத்துக்கு 'ஐரிஸ் அவுட்' செய்தார். திரைப்படப் பாட்டுக்குத் தொண்ணூறு விநாடிக் கட்டு கிடையாது. அவரோ யாரும் கேட்காமலே இரண்டரை நிமிடத்தில் முடித்துக்கொண்டார். காமமும் கோமாளித்தனமும் கலந்து தலைதெறிக்க ஓடும் பாட்டு அது, முடிந்ததும் மறுபடி போடச் சொல்லும். எனக்கு அதைவிடப் பிடித்தது அதே படத்தின் முடிவில் வரும் 'ஜேன் டோ'. 1999-ல் 'ஃபர்ஸ்ட் லவ்' ஆல்பத்தால் ஜப்பானிய விற்பனைச் சாதனையையே மாற்றி எழுதிய ஹிகாரு உதாதா யோனெசுவோடு சேர்ந்து பாடியிருக்கிறார். பியானோவும் இரண்டு குரலும் அவசரமே படாமல் நடக்கின்றன. தரவரிசையில் அது 'ஐரிஸ் அவுட்'டுக்குப் பின்னால்தான் நின்றது, அந்த வரிசையை நான் ஒப்புக்கொள்வதாயில்லை.