வளைகாப்பு முடிந்த பிறகு பிரஷர் பார்ப்பது யார்?

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். தலைப்பிரசவம் பெற்றவளின் கவனிப்பில் நடக்கட்டும் என்ற அந்த ஏற்பாட்டில் குறை இல்லை. கவலையெல்லாம் அதற்கடுத்து வரும் இரண்டு, மூன்று வாரங்களைப் பற்றித்தான். சீர்த்தட்டுகளை எண்ணி வண்டியில் ஏற்றும் வீட்டில், தாய் சேய் நல அட்டை பையில் ஏறியதா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட், கர்ப்பத்தைப் பதிவுசெய்த பிக்மி எண், போன மாதம் பார்த்த பிரஷர் அளவு எல்லாம் புகுந்த வீட்டுப் பீரோவில் தங்கிவிடுகின்றன. புது ஊரில் புது ஆஸ்பத்திரி. "இப்பத்தானே வந்திருக்கா, ரெண்டு நாள் அசதி தீரட்டும்" என்கிறாள் அம்மா. அந்த இரண்டு நாள் இரண்டு வாரமாகிறது.

28 வாரம் வரை மாதம் ஒரு முறை போன செக்கப், அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை, 36 வாரத்துக்கு மேல் வாரம் ஒரு முறை என்று நெருங்கி வரவேண்டும். நெருங்க வேண்டிய காலத்தில்தான் நம் வீடுகளில் இடைவெளி விழுகிறது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் ஏறக்குறைய இதே காலத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அது வரலாம். கடைசி மூன்று மாதத்தில்தான் அதிகம். அதிலும் முதல் கர்ப்பத்தில் அதிகம். தாய் வீட்டுக்குப் போகிறவள் பெரும்பாலும் தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பிரஷர் 140/90-ஐத் தொட்டாலே அது உயர் அழுத்தம். கூடவே சிறுநீரில் புரதம் போனால் விஷயம் தீவிரமாகிறது. 160/110 என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். சங்கடம் என்னவென்றால், ஆரம்பத்தில் இதற்கு வலி கிடையாது. பெண் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். உள்ளே ரத்தக்குழாய்கள் இறுகி, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும் ரத்தம் குறைந்துகொண்டிருக்கும். கையில் கட்டிப் பார்க்கும் அந்தக் கருவியும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் இதை முதலில் காட்டிக்கொடுப்பவை.

வீட்டிலும் சில அறிகுறிகள் தெரியும். சாயங்காலம் பாதம் வீங்கி, இரவு தூங்கி எழுந்தால் வடிந்துவிடுவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வருவதுதான். காலையில் எழும்போதே முகமும் இமையும் உப்பியிருந்தாலோ, போன வாரம் கையில் தளர்வாக ஆடிய வளையல் திடீரென்று இறுகினாலோ, மோதிரம் கழற்ற வராமல் போனாலோ அது வேறு. தாய் வீட்டில் இதைத் தப்பாகப் படிப்பது சுலபம். "முகம் எப்படிப் பூரிச்சிருக்கு பாருங்க, நம்ம வீட்டுச் சாப்பாடு உடம்புல ஒட்டுது" என்று பெற்றவள் மகிழ்ந்துபோகிறாள். ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் அது பெரும்பாலும் சதை அல்ல, நீர்.

அடுத்து வருபவை இன்னும் அவசரமானவை. விடாத தலைவலி, கண் முன்னே பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே அல்லது வலது விலாவுக்கு அடியில் வலி, வாந்தி. தலைவலிக்குத் தைலம் தேய்க்கிறார்கள். வயிற்று வலியை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். கண் மங்கினால் பலவீனம் என்று ஒரு டம்ளர் பால். இவை மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று அந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும், வண்டி பிடித்துவிடுவார்கள். தெரியாவிட்டால் அடுத்த கட்டம் வலிப்பு. பழைய தலைமுறை ஜன்னி என்று சொல்லிப் பயந்ததில் இதுவும் சேர்த்தி.

இவ்வளவு பயங்கரமான வலிப்பைத் தடுக்கும் மருந்து மிக மலிவானது: மெக்னீசியம் சல்பேட் ஊசி. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-ல் வெளிவந்த மேக்பை ஆய்வு, இந்த ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைப்பதைக் காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். முதல் பிரசவத்தில் பிரஷர் இருந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் நான்காம் மாதத்துக்குள் டாக்டரிடம் சொன்னால், குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்து முன்கூட்டியே ஓரளவு தடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் யாராவது ஒருவர் பிரஷர் பார்த்திருக்க வேண்டும்.

பிரஷரோடு சர்க்கரையும் பார்க்க வேண்டும். அந்த விஷயத்தில் தமிழ்நாடு வழிகாட்டியது. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திய முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. ரத்தசோகை பற்றி வாசகர்கள் நிறையப் படித்திருப்பீர்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருப்பவளுக்குப் பிரசவத்தில் போகும் சாதாரண அளவு ரத்தமே ஆபத்து என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த மாதத்தில் உதிரம் பட்டாலும் காத்திருக்கக் கூடாது. வலியில்லாமல் பட்டால் நஞ்சுக்கொடி கீழே அமைந்திருக்கலாம். வயிறு பலகைபோல் இறுகி வலியோடு பட்டால் நஞ்சுக்கொடி பிரிந்துகொண்டிருக்கலாம்.

இனி வலி. கடைசி மாதத்தில் வயிறு அவ்வப்போது இறுகித் தளர்வதைச் சூட்டு வலி என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். பல சமயம் அது பொய் வலியாகவே இருக்கும். நடந்தால், தண்ணீர் குடித்துப் படுத்தால் அடங்கிவிடும். உண்மை வலி அடங்காது. பெரும்பாலும் இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும், இடைவெளி குறையும், வலி கூடும். தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் இப்படியே போனால் கிளம்பிவிட வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் 37 வாரம் முடிந்தவர்களுக்கு மட்டும். எட்டாம் மாதத்தில் சீராக வலி வந்தால் சீரகத் தண்ணீருக்கு இடமே இல்லை. குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி உண்டு. 1972-ல் நியூசிலாந்தில் டாக்டர்கள் லிகின்ஸும் ஹவியும் நிரூபித்தது. அது முழுதாக வேலை செய்யச் சுமார் ஒரு நாள் வேண்டும். வீட்டில் கழித்த இரவு அந்தப் பிள்ளையின் மூச்சிலிருந்து கழிகிறது.

பனிக்குடம் உடைந்தால் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், நீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. துடிப்புக் குறைந்ததாகத் தாய் சொன்னால் "பிள்ளை தூங்குது" என்று சமாதானம் சொல்லாமல், இடது பக்கமாகப் படுக்கவைத்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் அன்றைக்கே, ராத்திரியானாலும், காட்ட வேண்டும்.

இப்படியெல்லாம் சொல்லிப் பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தலாமா, ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போனால் சிசேரியன்தானே என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பிரஷர் பார்க்கக் கத்தி வேண்டாம். ஐந்து நிமிடம் போதும்.

பிள்ளை பிறந்ததும் பிரஷர் கவலை தீர்ந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் அது மறுபடி உச்சத்துக்கு ஏறுகிறது. வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். அந்த நாட்களுக்குள் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். "பச்சை உடம்பு, காத்து பட்டிருக்கும்" என்று காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டிவிடும் அந்தத் தலைவலிக்குப் பிரஷர் பார்த்தே ஆகவேண்டும். பிள்ளையைப் பார்க்க வரும் கிராம சுகாதார நர்ஸிடம் தாயின் கையையும் நீட்டச் சொல்லுங்கள். நர்ஸ் வரும் நாள் வரை பொறுக்க முடியாத தலைவலி என்றால், பிரசவத்துக்கு அழைத்த அதே 108-ஐ மறுபடி அழையுங்கள்.