பிற்பகல் 2 மணிக்கு மூடும் ஆறு: கோடையில் ஒரு ட்ரவுட் நாளின் வரவு செலவு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம், லிவிங்ஸ்டன் நகரம். ஜூலை நடுவில் இங்கே காலை 5:45 அளவில் விடியும். இரவு 9 மணி வாக்கில்தான் சூரியன் மறையும். பகல் மட்டும் 15 மணி நேரத்துக்கு மேல். ஊரை ஒட்டி ஓடும் யெல்லோஸ்டோன் ஆற்றில் வழிகாட்டியோடு படகேறி ட்ரவுட் மீன் பிடிக்க நாடெங்கிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வெயிலில் ஆற்று நீர் சூடேறிவிட்டால், மாநில மீன், வனவிலங்கு, பூங்காத் துறை பிற்பகல் 2 மணிக்குத் தடை போட்டுவிடும். நள்ளிரவு வரை யாரும் தூண்டில் வீசக் கூடாது. 24 மணியில் 10 மணி போயிற்று. பகல் வெளிச்சத்தில் 7 மணி போயிற்று. மிஞ்சுவது விடியலிலிருந்து சுமார் எட்டேகால் மணி நேரம்.

இந்த 7 மணி நேரத்தை இழப்பதில் யாருக்கு எவ்வளவு நட்டம், யாருக்கு எவ்வளவு லாபம் என்பதுதான் இங்கே போடப்போகும் கணக்கு.

ஆளின் கணக்கு

வழக்கமான ஏற்பாடு இது: ஒரு டிரிஃப்ட் போட், துடுப்புப் பிடிக்கும் வழிகாட்டி ஒருவர், முன்னும் பின்னுமாக நின்று தூண்டில் வீசும் விருந்தினர் இருவர். 2020களில் முழுநாள் கட்டணம் பெரும்பாலும் 600 முதல் 800 டாலர் வரை. நடுவில் உள்ள 700-ஐ எடுத்துக்கொள்வோம். லைசென்ஸுக்கு 2020களின் தொடக்கத்தில் இருந்த விலையைப் போடுவோம். வெளிமாநிலத்தார் இருவருக்கு ஒருநாள் செலவு:

- வழிகாட்டி, படகு, மதியச் சாப்பாடு: 700 டாலர்
- டிப்ஸ், 20 சதவீதம்: 140 டாலர்
- லைசென்ஸ், தலைக்கு 31.50 (ஒருநாள் மீன்பிடி உரிமம் 14, இயற்கைப் பாதுகாப்பு உரிமம் 10, அயல் நீருயிரித் தடுப்புக் கட்டணம் 7.50): 63 டாலர்
- மொத்தம்: 903 டாலர்

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 76,755 ரூபாய். விமானம், விடுதி, வாடகைக் கார் எதுவும் இதில் இல்லை.

இந்த 903-இல் ஆற்றையும் மீனையும் பராமரிக்கும் மாநிலத்துக்கு லைசென்ஸ் வழியாகப் போவது 63, அதாவது 7 சதவீதம். உள்ளூர்வாசிக்கு முழுப் பருவத்துக்குமே 31 டாலர்தான் (21, 8, 2). வெளியாள் ஒரே நாளுக்குக் கொடுப்பதைவிட அரை டாலர் குறைவு.

வழிகாட்டிக்கு 700-ம் கையில் நிற்பதில்லை. மொன்டானா சட்டப்படி அவர் உரிமம் பெற்ற ஒரு பயண நிறுவனத்தின் கீழேதான் வேலை செய்ய முடியும். அதற்கான பங்கு கழியும். படகு இறக்கிய இடத்திலிருந்து கரையேறும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவருக்குத் தனிக் கூலி. கூட்டாட்சி அரசின் நிலத்தில் படகு இறக்கினால் வசூலில் 3 சதவீதம் அனுமதிக் கட்டணம்.

எட்டு மணி நேரப் பயணத்துக்கு 903 என்றால் மணிக்கு 113 டாலர். வழக்கம்போல் காலை 9 மணிக்குக் கிளம்பி, தடையால் 2 மணிக்கே கரையேறினால் கிடைப்பது 5 மணி நேரம். மணிக்கு 181 டாலர். 6 மணிக்கே படகில் ஏறியிருந்தால் அதே 113. அலாரம் மூன்று மணி நேரம் முன்னால் அடித்தால் மணிக்கு 68 டாலர் மிச்சம்.

நீரின் கணக்கு

தடை எதற்கு? நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் வைத்துக்கொள்ளக்கூடியது:

- 10 டிகிரி செல்சியஸில்: 11.3 மில்லிகிராம்
- 15 டிகிரியில்: 10.1
- 20 டிகிரியில்: 9.1
- 25 டிகிரியில்: 8.3

மொன்டானாவின் ட்ரவுட் ஆறுகள் கடல் மட்டத்தில் ஓடுபவை அல்ல. மாடிசன் ஆற்றங்கரையில் உள்ள என்னிஸ் ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆக்சிஜனும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். 20 டிகிரி நீரில் 7.6 மில்லிகிராம்தான்.

மறுபக்கம், மீன் குளிர்ரத்தப் பிராணி. நீர் 10 டிகிரி ஏறினால் அதன் உடல் கேட்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 10-இலிருந்து 20 டிகிரிக்குப் போகையில் வரவு 19 சதவீதம் சரிகிறது, தேவை இரட்டிக்கிறது. சம்பளம் குறைந்த மாதத்தில் வீட்டுச் செலவு இரட்டித்த குடும்பத்தின் நிலை இது. அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டி இழுபடுவது எதிர்பாராத ஆஸ்பத்திரிச் செலவு.

உதகைக்கு அருகே அவலாஞ்சியில் 1907-இல் அமைந்த பொரிப்பகம் வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்த ரெயின்போ ட்ரவுட்டும் இந்த ஆறுகளில் மாட்டும் ட்ரவுட் இனங்களில் ஒன்றுதான். அதை மலை உச்சிக்குக் கொண்டுபோனதற்குக் காரணமும் நீரின் குளிர்ச்சிதான். 25 டிகிரியை ஒட்டி வந்தாலே அதன் உயிருக்கு ஆபத்து.

சட்டத்தின் கணக்கு

மாநிலத் துறை தடை விதிக்கப் பார்க்கும் அளவுகள் மூன்று. ஒன்று, நீரின் அன்றாட உச்ச வெப்பம் தொடர்ந்து 3 நாள் 73 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 22.8 செல்சியஸைத் தொடுவது. குளிர் விரும்பியான புல் ட்ரவுட் வாழும் நீரில் இந்த எல்லை 60 பாரன்ஹீட், அதாவது 15.6 செல்சியஸ். இரண்டு, ஓட்டம் அந்த நாளுக்குரிய பழைய பதிவுகளில் அடிமட்ட 5 சதவீதத்துக்குள் விழுவது. மூன்று, ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 4 பங்குக்கு இறங்குவது.

மாநில எல்லையில் உள்ள யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 2021-இல் இன்னும் கறாராக நடந்தது. நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியதையும் ஓட்டம் மெலிந்ததையும் காரணம் காட்டி, ஜூலை 24 முதல் எல்லா ஆறுகளிலும் ஓடைகளிலும் பிற்பகல் 2 மணியிலிருந்து மறுநாள் விடியல் வரை தூண்டிலுக்குத் தடை போட்டது.

பாதி நாள் தடை போதாமல் போன ஆண்டு 2016. யெல்லோஸ்டோன் ஆற்றில் மவுண்டன் வொய்ட்ஃபிஷ் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. அதிகாரிகள் கண்ணால் எண்ணியதே 2,000-க்கு மேல். மொத்தச் சாவு பல்லாயிரம் என்று மதிப்பிட்டார்கள். சிறுநீரகத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணியே கொலையாளி. சூடான, மெலிந்த நீர் அதற்குத் துணை. ஆகஸ்ட் 19 அன்று 183 மைல், ஏறக்குறைய 295 கிலோமீட்டர் ஆறும் அதன் துணையாறுகளும் மூடப்பட்டன. தூண்டில் மட்டுமல்ல, படகு, நீச்சல், காற்றடைத்த டியூபில் மிதப்பது என எல்லாவற்றுக்கும் தடை. செப்டம்பர் முதல் பகுதி பகுதியாகத் திறந்தார்கள். முழுதும் மூடியிருந்த ஆகஸ்ட் மாத 13 நாளும் பதிவு நிறைந்திருந்த படகு ஒன்று இருந்திருந்தால், இன்றைய கட்டணத்தில் அதற்கு 9,100 டாலர் இழப்பு.

மீனின் கணக்கு

இந்தப் பயணங்களில் பிடிக்கும் ட்ரவுட்டை யாரும் சமைப்பதில்லை. கொக்கியைக் கழற்றி ஆற்றிலேயே விடுவதுதான் வழக்கம். விட்ட மீன் வாலை ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். பார்ப்பவர் பிழைத்தது என்று நினைப்பார். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை மொன்டானாவின் காலட்டின், ஸ்மித் ஆறுகளில் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பிடித்த மீன்களை ஆற்றுக்குள்ளேயே கூண்டில் வைத்து 72 மணி நேரம் கவனித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு படகு நாளுக்கு 20 மீன் பிடித்து ஆற்றில் விடுகிறது என்று வைத்து, அந்த முடிவைத் தலைக்கணக்காக மாற்றினால்:

- நீரின் உச்ச வெப்பம் 20 டிகிரிக்குக் கீழ், எந்த இனமானாலும்: சாவு 0
- 23 டிகிரியும் அதற்கு மேலும், காலட்டின் ரெயின்போ: 16 சதவீதம், 20-க்கு 3.2
- அதே வெப்பம், ஸ்மித் ரெயின்போ: 9 சதவீதம், 1.8
- அதே வெப்பம், ஸ்மித் பிரவுன் ட்ரவுட்: 4 சதவீதம், 0.8
- மவுண்டன் வொய்ட்ஃபிஷ், அதிகபட்சம்: 28 சதவீதம், 5.6

இது படுகொலை அல்ல. மிக மோசமான நிலையிலும் பத்தில் ஏழு மீனுக்கு மேல் பிழைக்கிறது. ஆனால் 0 என்ற உறுதி 20 டிகிரிக்குக் கீழேதான் உண்டு. மாநிலச் சட்டமோ 22.8-இல்தான் விழித்துக்கொள்கிறது, அதுவும் 3 நாள் பார்த்த பிறகு. பத்துப் படகுகள் அந்த 3 நாளும் வெயிலில் மீன் பிடித்தால் 600 மீன். அதில் பாதி பிற்பகலில் மாட்டியவை என்றால் 300. அவை ரெயின்போவாக இருந்து 16 சதவீதம் செத்தால் 48. எல்லாம் சட்டப்படியே.

வெப்பத்தோடு புகைப்படமும் சேர்ந்தால் நிலை இன்னும் மோசம். 1992-இல் வெளியான ஒரு தொட்டி ஆய்வில், சுமார் 10 நிமிடம் விரட்டிக் களைப்பாக்கிய ரெயின்போ ட்ரவுட்களில் 12 சதவீதம் செத்தன. அதன்பின் 30 விநாடி காற்றில் தூக்கிப் பிடித்தவற்றில் 38 சதவீதம். 60 விநாடி பிடித்தவற்றில் 72 சதவீதம். ஆற்றில் சாவு இந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் திசை தெளிவு. செல்போனைத் தேடும் நேரமெல்லாம் மீனின் கணக்கில் பற்று.

செத்ததை ஈடுகட்டப் பொரிப்பகத்திலிருந்து குஞ்சு வாங்கி விடலாமே என்றால், அந்த வழி இல்லை. காட்டு ட்ரவுட் தானே பெருகும் ஆறுகளில் குஞ்சு விடுவதை மொன்டானா 1974-லேயே நிறுத்திவிட்டது. விருந்தினர் ஆசைப்படும் அளவுக்கு ஒரு ட்ரவுட் வளர ஆற்றில் மூன்று நான்கு ஆண்டு ஆகும்.

ஓர் உயிர் மீனின் விலை

இனி ஆள், மீன் என்ற இரண்டு பேரேடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். 903 டாலருக்கு 20 மீன் என்றால் ஒரு மீன் பிடிபட 45.15 டாலர் செலவாகிறது. பிடித்து ஆற்றில் விட்ட மீன் மறுபடி மாட்டும். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் 1980களில் நடந்த ஓர் ஆய்வின்படி, பிடித்து விட்டாக வேண்டிய பகுதியில் கட்த்ரோட் ட்ரவுட் ஒவ்வொன்றும் சராசரியாக 9.7 முறை பிடிபட்டது. அது வேறு இனம், வேறு இடம்; இருந்தாலும் கைவசம் உள்ள நல்ல அளவுகோல் அது. 45.15-ஐ 9.7-ஆல் பெருக்கினால் 438 டாலர். ஒரு பருவத்தில் ஓர் உயிர் மீன் இந்தத் தொழிலுக்குச் சுமக்கும் மதிப்பு அவ்வளவு.

இப்போது, நீர் 23 டிகிரியைத் தொடும், ஆனால் தடை இன்னும் வராத ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஒரு படகு 9 மணி முதல் 5 மணி வரை, 8 மணி நேரம் ஆற்றில் இருக்கிறது. இன்னொன்று 6 மணிக்கு இறங்கி நண்பகலில் கரையேறுகிறது, 6 மணி நேரம். இரண்டுக்கும் கட்டணம் ஒன்றே. இரண்டாம் படகுக்காரர்கள் விட்டுக்கொடுத்தது 2 மணி நேரம், 226 டாலர். மணிக்கு 2.5 மீன் வீதம், முதல் படகு நண்பகலுக்குப் பிறகு பிடிக்கும் 12.5 மீனை இரண்டாம் படகு தொடவில்லை. பிழைத்தவை:

- 16 சதவீதச் சாவு என்றால் 2 மீன். ஒன்றுக்கு ஆன செலவு 113 டாலர்
- 9 சதவீதம் என்றால் 1.1 மீன், ஒன்றுக்கு சுமார் 201 டாலர்
- 4 சதவீதம் என்றால் அரை மீன். ஒன்றுக்கு 452 டாலர்

438 டாலர் பொருளை 113-க்கோ 201-க்கோ காப்பாற்றுவது லாபம். பிரவுன் ட்ரவுட் மட்டும் உள்ள ஆற்றில் ஏறக்குறைய சரிக்குச் சரி. இரக்கம், இயற்கைப் பற்று எதையும் சேர்க்காமல் வெறும் காசுக் கணக்காகப் பார்த்தாலும், ரெயின்போ ஆற்றில் நண்பகலில் கரையேறுவதே ஆதாயம். மாநிலத்தின் தடை தொழிலுக்குப் பகை என்ற முணுமுணுப்பு இந்தக் கணக்கில் நிற்காது. தடை தாமதமாக வருகிறது என்பதே சரியான குறை.

வெயிலிலும் முழுநாள் வேண்டும் என்பவருக்கு ஒரு வழி உண்டு. 1967-இல் கட்டி முடித்த, 160 மீட்டர் உயரமுள்ள யெல்லோடெயில் அணையின் அடியாழத்துக் குளிர்நீர் கீழே பிக்ஹார்ன் ஆறாக ஓடுகிறது. லிவிங்ஸ்டனிலிருந்து அங்கே போகச் சாலையில் சுமார் 200 மைல். பெட்ரோலும் ஓர் இரவு விடுதியும் கூடுதல் செலவு.

பதிவு செய்யுமுன்

ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பக்கம் போக நினைப்பவர் பணம் கட்டுமுன் வழிகாட்டியிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: காலையில் எத்தனை மணிக்குப் படகு இறங்கும்? நீர் எத்தனை டிகிரியில் நிறுத்துவீர்கள்? படகில் வெப்பமானி இருக்கிறதா? ஆற்று வெப்பமானியின் விலை 20 டாலர் அளவில். 903 டாலர் பட்டியலில் நூற்றுக்கு இரண்டு. 20 டிகிரியில் நிறுத்துவேன் என்று சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள். மீனை வலையோடு நீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றச் சொல்லுங்கள். நண்பகலில் கரையேற்றினால் மிச்ச நேரத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், டிப்ஸைக் குறைக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் வாங்கிய 6 மணி நேரம், வெயிலில் வாங்கும் 8 மணி நேரத்தைவிட மதிப்பு மிக்கது.