மிளகு... மிளகாய்... ஒரு கொல்லிமலை மோதல்!

மெஸ் குருமாவைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன நண்பர்களே, உங்களுக்கு ஒரு சேதி. ஆட்டு நெஞ்செலும்பை மசாலா தடவி, புகையிலேயே வேகவெச்சுச் சாப்பிட பெரிய ஹோட்டல் தேவையில்லை. சமையல் எண்ணெய் வந்த 15 கிலோ தகர டின் ஒண்ணு போதும். (பெயின்ட் டின் கூடவே கூடாது!)

எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கு ஊர் கொல்லிமலை. ''வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா''ன்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருந்தோம். ''விறகு அடுப்புடா... வீடு பூரா புகை. உங்களுக்கு ஒத்துக்காது''ன்னு நழுவிடுவான். ''அந்தப் புகைதாண்டா வேணும்''னு ஒருநாள் நாலு பேரும் பஸ் ஏறிட்டோம். காரவல்லியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. எங்க கேங்கோட ஒரே சைவம், பாதி வளைவுலயே ஜன்னலோரம் செட்டில் ஆயிட்டான். விவரம் வேண்டாமே!

செம்மேட்டுல ரெண்டு கிலோ நெஞ்செலும்பு வாங்கி மூணு பங்கு போட்டோம். முதல் பங்குக்கு வரமிளகாய், பூண்டு, உப்பு. நம்ம நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் சிக்கனுக்கே வரமிளகாய்தானே ஹீரோ? ரெண்டாவது, அமெரிக்கா ஸ்டைல். அங்கே கான்சாஸ் சிட்டி பக்கம் பழுப்புச் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் தடவுவாங்க. நாங்க நாட்டுச்சர்க்கரையை வெச்சு ஒப்பேத்தினோம். மூணாவது, அவங்க தோட்டத்து மிளகும் கல்லுப்பும் மட்டும். அடையாளத்துக்கு எலும்புல ஒரு கம்பி, ரெண்டு கம்பி, மூணு கம்பி.

மிளகை இடிக்கும்போது அவனோட ஆயா வந்து எட்டிப் பார்த்தாங்க. ''ஏங்கண்ணு, மொளகை மாவாட்டம் ஆக்கிப்புட்டே? ஒண்ணுரெண்டா இடி சாமி!'' உரலைப் பிடுங்கி அவங்களே இடிச்சாங்க. அடுப்புக்கு மேல உப்புக்கண்டம் கட்டித் தொங்கவிட்டு வளர்ந்த கை. எதிர்த்துப் பேச முடியுமா?

டின்னோட அடியில கொட்டாங்குச்சித் தணல். அதுமேல காய்ஞ்ச கொய்யாக் கிளை, கவாத்து பண்ணின காபிக் குச்சி. நடுவுல கம்பி வலை, வலை மேல கறி. தணல் இன்சார்ஜ், நம்ம சைவம்! மூணு மணி நேரம் மூடியே இருந்துச்சு. (இதையெல்லாம் வீட்டுப் புழக்கடையில மட்டும் செய்யுங்க. காப்புக்காட்டுல தீ மூட்டினா கேஸ்தான்!)

திறந்தப்போ பார்க்க சூப்பரா இருந்தது ரெண்டாம் நம்பர்தான். பளபளன்னு ஒரு மினுமினுப்பு. முதல் கடி அமர்க்களம்! ஆனா தணல் பக்கம் இருந்த சர்க்கரை கரிஞ்சு கசந்துடுச்சு. மிளகாய்க்கும் அதே கதி. நைசான தூள் ஆச்சே, சீக்கிரமே கருத்துப்போச்சு. காரணம் சிம்பிள். உப்புதான் கறிக்குள்ள நல்லா இறங்கும். மத்த மசாலா பெரும்பாலும் மேலேயே உட்கார்ந்திருக்கும். மேல்பக்கம் கருகினா ருசி காலி!

மிளகு போட்டது பார்க்கச் சுமார்தான். ஆனா கடிச்சதும் முதல்ல புகை, அப்புறம் உப்பு, கடைசியா மெதுவா ஏறுது பாருங்க காரம்... ஆயா சொன்ன ஒண்ணுரெண்டு பதம் மொறுமொறுன்னு ஒட்டியிருந்துச்சு. டெக்ஸாஸ்லயும் பல பேர் உப்பும் மிளகும் மட்டும்தான் தடவுவாங்களாம். ஏன், போர்த்துக்கீசியர் மூலமா மிளகாய் வந்து சேர்ந்ததே சுமார் 500 வருஷத்துக்குள்ளதான். அதுக்கு முன்னாடி நம்ம காரமே மிளகுதான். சங்க இலக்கியத்துல 'கறி'ன்னாலே மிளகுன்னு அர்த்தம், தெரியுமா?

ஓட்டெடுப்புல மிளகுக்கு மூணு, சர்க்கரைக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு நம்ம நண்பனோட தங்கச்சி. மிளகாய்க்கு டெபாசிட் காலி! ஆயா ஓட்டே போடலை. ''இதுக்குச் சோறு எங்கடா?''ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டாங்க.

மூணு நாளாகியும் எங்க சட்டையில புகை வாசம் போகலை. அடுத்த லீவுக்கு நம்ம ஆளே வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கான். பலாப்பழ சீசனாம். தணல்ல சுட்ட பலாக்கொட்டைக்கு மிளகா, மிளகாயான்னு இந்தத் தடவை சைவம்தான் ஜட்ஜ். மனுஷன் இப்பவே பஸ்ல முன் சீட்டுக்குத் துண்டு போட்டு வெச்சுட்டான்!