நாக்கில் படியும் வெள்ளை

மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா நாக்கை நீட்டினார். தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைப் படலம். ‘மூணு வாட்டி சுரண்டிட்டேன் டாக்டர், திரும்பத் திரும்ப வருது’ என்றார். சுரண்டினால் எப்படிப் போகும்? வேர் உள்ளே இருக்கிறதே!

இது ‘கேண்டிடா அல்பிகன்ஸ்’ என்ற ஈஸ்ட். ரொட்டி மாவில் போடும் ஈஸ்ட்டுக்குத் தூரத்துச் சொந்தம். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா குடியிருப்பதுதான். உருண்டையாக மொட்டு விட்டுப் பெருகும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. நீண்டு இழையானால்தான் வம்பு. இழை சதைக்குள் நுழைந்துவிடும்.

உருண்டைக்கு ஏது திசை? எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? தி.நகரில் கட்டடம் எழும்பும்போது பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி கை காட்டும் இடத்தில்தான் சாரம் ஏறும், செங்கல் போகும். ஈஸ்ட்டின் மேஸ்திரி ‘சிடிசி42’ என்ற புரதம். சுவிட்ச் போல எரியும், அணையும். எரியும்போது செல்லின் ஓரத்தில் ஒரே புள்ளியில் கூடும். அந்தப் புள்ளியை நோக்கி ‘ஆக்டின்’ என்ற புரதக் கயிறுகள் ஓடும். கயிறு வழியாகச் சுவர் கட்டும் சரக்கு சின்னச் சின்னப் பைகளில் போய்ச் சேரும். அங்கேதான் மொட்டு. ரொட்டி ஈஸ்ட்டில் மொட்டு கொஞ்சம் வளர்ந்ததும் மேஸ்திரி நுனியை விட்டு விலக, அது எல்லாப் பக்கமும் பருத்து உருண்டையாகிவிடும். கேண்டிடா இழையிலோ மேஸ்திரி நுனியை விட்டு நகர்வதே இல்லை!

‘சிடிசி’ என்ற பெயர், ரொட்டி ஈஸ்ட்டில் செல் பிரிவதை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல்லின் வேலையிலிருந்து வந்தது. 2001-ல் அவரும் இன்னும் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். நம் உடம்பிலும் ஏறக்குறைய இதே புரதம் உண்டு. கிருமியைத் துரத்தும் வெள்ளணுவுக்கும் அதுதான் திசை காட்டுகிறது. ஆகவே ஈஸ்ட்டின் மேஸ்திரியை மட்டும் பார்த்து அடிக்க மருந்து செய்வது லேசான காரியமில்லை.

இழை எப்போது கிளம்பும்? 37 டிகிரி உடல் சூடே அதற்குத் தோது. கட்டுக்கடங்காத சர்க்கரை, நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும் ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதது, ராத்திரியும் கழற்றாத பல்செட் எல்லாம் கூட்டாளிகள்.

குழந்தைகளுக்கு வந்தால் சித்த மருத்துவத்தில் ‘அக்கரம்’ என்போம். மாசிக்காய் உரைத்துத் தடவும் பழக்கம் உண்டு. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேனில் குழைத்துத் தடவவே கூடாது. பெரியவர்களுக்கு விழுங்கும்போது வலித்தால் கை வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த அம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வெறும் வயிற்றிலேயே சர்க்கரை 200-ஐத் தாண்டியிருந்தது. அதுவரை அவருக்குத் தெரியாது.