லூமன் குறைந்தது, வெளிச்சம் கூடியது

கிள்ளானில் எங்கள் தாமானில் மின்சாரம் போவது அபூர்வம். போனால் இரவுச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போகும். சென்ற ஆண்டு அப்படி ஓர் இரவில், புதிதாக வாங்கிய டார்ச் லைட்டைப் பெருமையோடு எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் விளக்கு, அதில் நான்கு எல்இடி. பொத்தானை அழுத்தியதும் கூரையில் பட்ட ஒளியில் வரவேற்பறை பகலானது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அம்மா மட்டும் மாத்திரைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தார். “தம்பி, ரோஸ் மாத்திரை எது, ஆரஞ்சு மாத்திரை எது? ரெண்டும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரியுதே” என்றார்.

ஒன்று இரத்த அழுத்தத்துக்கு, மற்றொன்று இனிப்பு நீருக்கு. நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. மாத்திரை அட்டைகளைத் தேடி எடுத்து, எழுத்தைப் படித்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன். பெட்டியில் 4,000 லூமன் என்று அச்சிட்ட விளக்கால் ஒரு மாத்திரையின் நிறத்தைக் காட்ட முடியவில்லை. அந்த விளக்கைச் சோதித்துப் பார்க்கவும், பிறகு பிரித்து மாற்றவும் என்னைத் தூண்டியது அந்த இரவுதான்.

ஒரு லட்சம் லூமன் என்ற கதை

நல்ல விளக்கு ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே வந்திருந்தது. 2021 டிசம்பரில் சிலாங்கூரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது நாங்களும் ஓர் இரவை இருட்டில் கழித்தோம். பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். அப்போது எங்களிடம் இருந்தது ‘ஒரு லட்சம் லூமன்’ என்று எழுதிய மலிவு விளக்கு. கொஞ்ச நேரத்திலேயே மின்மினி அளவுக்கு மங்கி, அணைந்துபோனது. ஏமாந்தது என் தவறும்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தால் அதை வாங்கியிருக்கவே மாட்டேன்.

இத்தகைய விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். நல்ல பேட்டரி ஒன்று 3,000 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்னழுத்தம் சராசரியாக 3.6 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 11 வாட் மணி வரும். விளக்கிடம் உள்ள மொத்தச் சொத்து அவ்வளவுதான்.

முழு வேகத்தில் எரியும் எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் தரும். அப்படியானால் இந்தப் பேட்டரி 1,100 லூமனை ஒரு மணி நேரம் தரலாம். 4,000 லூமன் என்றால் கால் மணி நேரம். ஒரு லட்சம் லூமன் வேண்டுமானால் 1,000 வாட் தேவை. அது துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம். ஒரு சின்ன பேட்டரியால் அதைத் தரவே முடியாது. தந்தாலும் 40 விநாடியில் காலியாகிவிடும்.

பேட்டரியிலும் இதே ஏமாற்று உண்டு. 18650 அளவில் ‘9,900 மில்லி ஆம்பியர் மணி’ என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். பெயர்பெற்ற நிறுவனங்களின் பேட்டரிகளே 3,500ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. நல்ல பேட்டரி ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். மிகவும் இலேசாக இருந்தால் சந்தேகப்படலாம்.

முப்பது விநாடிக்குப் பிறகு என்ன?

என் புது விளக்கின் 4,000 லூமன் பொய்யில்லை. ஆனால் அது ஒரு நொடியின் உண்மை. அந்த வெளிச்சத்துக்கு 40 வாட்டுக்கு மேல் செலவாகிறது. அதில் பெரும்பங்கு சூடாக மாறுகிறது. ஒரு சால்டரிங் இரும்பின் சூட்டை உள்ளங்கைக்குள் பிடித்திருப்பதற்குச் சமம். விளக்கு எவ்வளவு சின்னதோ, அந்தச் சூட்டை வெளியே தள்ளும் உலோகப் பரப்பும் அவ்வளவு குறைவு. அதனால் உள்ளிருக்கும் சின்னக் கணினிச் சில்லு வெப்பத்தைக் கவனித்து வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சின்ன அறையை இருட்டாக்கி, விளக்கைக் கூரையை நோக்கி நிறுத்தினேன். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலியைத் திறந்து, மேசையின் மறுமூலையில் வைத்தேன். கைப்பேசி காட்டும் எண் ஆய்வகத்துக்கு ஒப்பாகாது. ஆனால் அதே அறையில், அதே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். போட்டவுடன் வந்த எண்ணை 100 என்று வைத்துக்கொண்டேன். 30 விநாடியில் 70 ஆனது. ஒரு நிமிடத்தில் 40ஐத் தொட்டது. மூன்று நிமிடத்துக்குப் பிறகு 15இல் வந்து நின்றது. அதாவது, தொடர்ந்து கிடைப்பது 600 லூமன்தான்.

சூட்டை அளக்க, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் கருவி உதவாது. பொருள்களின் வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். பளபளக்கும் உலோகத்தை நேராக அளந்தால் அது தவறாகக் காட்டும். கறுப்பு மின்நாடாவை ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளக்க வேண்டும்.

வாங்கும்போது எஃப்எல்1 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். 2009இல் அமெரிக்காவில் வந்த தர அளவு அது. அதன்படி வெளிச்சத்தைப் போட்ட உடனே அளக்கக்கூடாது, 30 விநாடி கழித்துத்தான் அளக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘இத்தனை மணி நேரம் எரியும்’ என்பது, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். அத்தனை மணி நேரமும் முழு வெளிச்சம் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

நிறத்துக்கும் ஓர் எண் உண்டு

மாத்திரைச் சிக்கலுக்கு வருவோம். பொருள்களின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்ற மதிப்பெண் உண்டு. அதிகபட்சம் 100. பளிச்சென்ற வெள்ளை எல்இடிகள் பல 70ஐ ஒட்டி நிற்கின்றன. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. அதன்மேல் பூசிய மஞ்சள் நிறப் பூச்சு நீலத்தின் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றுகிறது. மலிவாகவும் பளிச்சென்றும் செய்ய வேண்டுமானால் சிவப்பைக் குறைத்துவிடுவார்கள். சிவப்பு இல்லாத ஒளியில் ரோஸும் ஆரஞ்சும் ஒன்றுபோல வெளுக்கும். அடிபட்ட காலில் வழிவது இரத்தமா சேறா என்று தெரியாது.

இதற்குத் தீர்வும் இருக்கிறது. பளிச்சென்ற நீல எல்இடியை 1993இல் உலகுக்குக் கொடுத்த ஜப்பானின் நிச்சியா நிறுவனம், 219பி என்ற எல்இடியைச் செய்தது. அந்த நீல எல்இடிக்காக ஷூஜி நாக்காமுரா 2014இல் மற்ற இருவரோடு நோபல் பரிசு பெற்றார். 219பி வகையில் சிஆர்ஐ 90க்கு மேல் உள்ளவை கிடைக்கும். விளக்கில் முதலில் இருந்த எல்இடியும் இதுவும் ஒரே அளவு, 3.5 மில்லிமீட்டர் சதுரம், உளுந்தைவிடச் சின்னது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம்.

விளக்கைப் பிரித்த நாள்

கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். விளக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதப் போட்டா வெளிச்சம் குறையும். பரவாயில்லையா?” என்று கேட்டார். விளக்கை மாற்ற வருபவர்கள் எல்லாரும் கூட்டத்தானே கேட்பார்கள்! பரவாயில்லை என்றேன்.

முதல் வேலை பேட்டரியை வெளியே எடுப்பது. பிறகு முன்வளையத்தைத் திருகிக் கழற்றி, நான்கு குழி கொண்ட பிளாஸ்டிக் லென்ஸை எடுத்தார். அடியில் வட்டமான செப்புத் தகடு, அதன்மேல் நான்கு எல்இடி. எல்இடியின் சூடு நேராகச் செம்புக்கு இறங்கி உடலுக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டு திருகையும் இரண்டு கம்பியையும் கழற்றி, தகட்டைச் சூடேற்றும் தட்டின்மேல் வைத்தார். ஈயம் கலந்த பற்று 183 டிகிரியில் உருகும், ஈயமில்லாதது 217 டிகிரியை ஒட்டி உருகும். உருகியதும் பழையதை இடுக்கியால் எடுத்து, புதியதைத் திசை மாறாமல் வைத்தார். ஒன்றைத் தலைகீழாக வைத்தாலும் அது எரியாது. மேலே இருக்கும் மென்மையான சிலிக்கான் குமிழில் இடுக்கி படவும் கூடாது. நான்கும் ஒரே வகையாக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் ஒன்று மட்டும் அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடாகும். கடைசியாக, தகட்டின் அடியில் வெப்பப் பசையை மெலிதாகத் தடவி மூடினார்.

இதில் நான் எதிர்பாராத பொறி ஒன்று இருந்தது. 219பி குறைந்த மின்னழுத்தத்திலேயே எரியும். பேட்டரியை நேராகத் திறந்துவிடும் இத்தகைய விளக்கில் அது முன்பைவிட அதிக மின்னோட்டத்தை இழுத்தது. முழு வேகத்தில் போட்டால் சில விநாடிகளில் கையில் பிடிக்க முடியவில்லை. அதனால் அடுத்த மாற்றத்தை அமைப்புகளில் செய்தேன். இந்த வகை விளக்குகள் பலவற்றில் ஆண்டுரில் என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. பொத்தானைப் பிடித்திருந்தால் கூடும் வெளிச்சத்துக்கு அதில் உச்சவரம்பு வைக்கலாம், வெப்ப வரம்பும் வைக்கலாம். ஏறத்தாழ 1,000 லூமனில் உச்சவரம்பை நிறுத்தினேன்.

பைக்குள் எரிந்த விளக்கு

எச்சரிக்கை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாற்றுவதற்கு முன்பு, இதே விளக்கை ஒருநாள் என் மகன் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு போனான். பொத்தான் எதிலோ அழுந்தி எரியத் தொடங்கிவிட்டது. பையின் உள்துணி உருகி ஓட்டையானது. நல்ல வேளை, வாசம் வந்ததும் திறந்து பார்த்திருக்கிறான். தவறு என்னுடையது, நான் பூட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பூட்டுவது எளிது. ஆண்டுரில் உள்ள விளக்கில் பொத்தானை நான்கு முறை தட்டலாம். அதைவிட உறுதியான வழி, பின்மூடியைக் கால் சுற்று தளர்த்துவது. பெரும்பாலான அலுமினிய விளக்குகளில் அப்போது மின்தொடர்பே அறுந்துவிடும். ஒருமுறை தளர்த்திச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் மேலுறை கிழிந்திருந்தால் பயன்படுத்த வேண்டாம். சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட வேண்டாம். விமானத்தில் போனால் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். விளையாட்டுக்குக்கூடப் பிள்ளைகளின் கண்ணில் அடிக்க வேண்டாம். சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். அதிக சிஆர்ஐ உள்ள எல்இடியோடு விற்கும் விளக்குகளே இப்போது கிடைக்கின்றன. வாங்கும்போது கேட்டு வாங்கினால் போதும்.

என்ன மிச்சம்?

மீண்டும் அதே அறையில், கைப்பேசியை அதே இடத்தில் வைத்து அளந்தேன். முதல் நொடியின் எண் பழையதில் கால் பங்குதான். மூன்று நிமிடத்துக்குப் பிறகு 15 இருந்த இடத்தில் 11. ஆனால் கண்ணுக்கு அந்தக் குறைவு தெரியவே இல்லை. வெளிச்சம் இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ நான்கு மடங்கு லூமன் வேண்டும் என்பார்கள். கண்ணின் இயல்பு அப்படி. அதற்குப் பதிலாகக் கிடைத்தது நிறம். பழக்கூடையில் ஆப்பிள் சிவப்பாக இருந்தது. மகளின் கன்னம் கன்னமாகத் தெரிந்தது.

அடுத்த மின்வெட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அன்றிரவே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சை மேசைமேல் நிறுத்தினேன். பிள்ளைகள் இந்த முறை கைதட்டவில்லை. “முன்ன இருந்ததுதான் சூப்பர்ப்பா” என்றான் மகன்.

அம்மா பெட்டியைத் திறந்தார். யாரையும் கேட்கவில்லை. ரோஸ் மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.